ஐம்பத்தெட்டாம் நம்பர் செடி

செடிகளைப் பற்றி ஆய்வகம் அனுப்பிய முடிவுகளை மனோரமா கேட்டதும் வேதாசலம் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த சாவியை எடுத்து, மூலையிலிருந்த பச்சை பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் பழுப்பு நிற உறைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஆறு வருடத்து உறைகள். இரண்டைத் தவிர மற்றவை பிரிக்கப்படவே இல்லை.

"எல்லாம் பத்திரமா இருக்குதுங்க மேடம். ஒண்ணுகூட தொலைக்கல" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பத்திரமாக வைத்திருந்தார். மேலே ஒரு பூச்சி உருண்டைகூடப் போட்டிருந்தார். அதைப் பார்த்துதான் மனோரமாவுக்கு என்னவோ போலிருந்தது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. சென்னையில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை. ஆய்வகத்தில் இருப்பவர்கள் செடியின் இலையை அரைத்து, அதற்குள் எந்தக் குணத்துக்கு எந்த ஜீன் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். வெளியே பண்ணைகளில் இருப்பவர்கள் செடியையும் செடியையும் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவார்கள். இவர்கள் கண்டது அவர்களுக்குப் பயன்பட வேண்டும். அது ஏன் நடக்கவில்லை என்று யாரோ ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டபிறகு, அதற்கென்றே ஒரு பொறுப்பை உண்டாக்கி மனோரமாவை அதில் போட்டார்கள். மூன்று பண்ணைகள். திருத்தணியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறந்த ஊர் பொதட்டூர்பேட்டை. தம்பி குடும்பம் இன்னும் அங்கேதான் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறது. வந்தால் தங்க ஒரு வீடு உண்டு.

கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில், அறக்கட்டளை ஒன்று நடத்துகிற சின்ன வேர்க்கடலைப் பண்ணை அது. செம்மண், ஒரு கிணறு, நிழல்வலை போட்ட ஒரு கொட்டகை. வேதாசலம் அங்கே பதினோரு வருடமாக ஒரே காரியத்தின் பின்னால் இருந்தார். இந்தப் பக்கத்துக் கடலை ரகம் ஒன்று; நல்ல எண்ணெய், நல்ல ருசி, ஆனால் துரு நோய் வந்தால் இலையெல்லாம் சிவப்புப் பொடி பூத்து உதிர்ந்துவிடும். இன்னொரு ரகத்தைத் துரு தொடாது. ஆனால் காய் சிறுத்துப் போய் யாரும் வாங்கமாட்டார்கள். இரண்டையும் சேர்த்து, முதலாவதின் காயும் இரண்டாவதின் தெம்பும் உள்ள செடியைத் தேடிக்கொண்டிருந்தார். துரு வருவதோ அறுபதாம் நாளுக்குமேல். அதுவரை எல்லாச் செடியும் ஒரே மாதிரிதான் நிற்கும். சில வருடம் துரு வரவே வராது. அந்த வருடம் எது நல்ல செடி என்று தெரியாமலே போய்விடும். அப்படியே மூன்று வருடம் போயிருந்தது.

"இதெல்லாம் ஏன் சார் பிரிக்கவே இல்ல?" என்று உறைகளைக் காட்டிக் கேட்டாள்.

"மொத ரெண்டும் பிரிச்சேங்க. முப்பது கட்டம், ஆயிரத்துச் சொச்சம் வரி. ஒரு கட்டத்துல ஏ, ஒரு கட்டத்துல ஜி. புரியாம இல்ல, நானும் படிச்சவன்தான். ஆனா அது வந்து சேர்ந்த அன்னிக்கு கடலைய பிடுங்கி, காயவச்சு, உடைச்சாச்சு. எந்தச் செடி நல்ல செடின்னு அப்புறம் தெரிஞ்சு நான் இன்னா பண்றது?"

மனோரமா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "பூ எப்ப எடுக்கும்?"

"இருபத்தஞ்சாம் நாள் வாக்குல."

"இருபதாம் நாள் உங்க கையில லிஸ்ட் இருந்தா?"

வேதாசலம் கொஞ்சம் யோசித்தார். "இருந்தா, வேண்டாத செடிய அன்னிக்கே பிடுங்கிடலாம். மிச்சத்த மட்டும் பூக்கும்போது மறுபடி நம்ம ரகத்தோட சேக்கலாம். ஒரு பட்டம் மிச்சம். இருந்தா நல்லாதாங்க இருக்கும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

ஆனியில் மழை ஒரு பாட்டம் பெய்ததும் விதை ஊன்றினார்கள். இரண்டு ரகத்தையும் சேர்த்து எடுத்த தொண்ணூற்று நான்கு விதை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர் போட்ட ஒரு குச்சி. பன்னிரண்டாம் நாள் இலை எடுக்க மனோரமா வந்தாள்.

அவளோடு வேலை செய்தது சுலோச்சனா. பண்ணையில் பத்து வருடமாகக் கூலிக்கு வருகிறவள். கடலைப் பூவின் வாயைப் பிரித்து, ஊசிமுனைக் குறட்டால் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு பூவுக்கு வைக்கிற நுணுக்கமான வேலையை அந்தப் பண்ணையில் அவளைப்போல் யாரும் செய்யமாட்டார்கள். குச்சிகளுக்கு நம்பர் எழுதி நட்டதும் அவள்தான்.

தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மனோரமா வரப்பில் விரித்த சாக்கின்மேல் வைத்தாள். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சுலோச்சனா செடிக்கு ஒரு துளி இலை எடுத்து வந்து, தன் பக்கத்திலிருந்து வரிசையாக, ஒரு குழிக்கு ஒன்றாகப் போட்டாள். கடைசி இரண்டு குழியை மட்டும் எப்போதும் காலியாக விடவேண்டும் என்று மனோரமா சொல்லியிருந்தாள். அது ஆய்வகத்தில் சரிபார்ப்பதற்கு. வெயில் ஏறிவிட்டது. எல்லாம் முடிந்ததும் மூடியை அழுத்தி ஒட்டி, ஒரு மூலையில் '1' என்று பேனாவால் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினாள்.

இருபதாம் நாள் முடிவு வந்தது. முப்பது கட்டங்களையும் மனோரமாவே உட்கார்ந்து படித்து, சரிபார்ப்பு வரிகளையெல்லாம் நீக்கி, ஒரே ஒரு தாளாக ஆக்கினாள். இடது பக்கம் செடி நம்பர். வலது பக்கம் 'வை' அல்லது 'பிடுங்கு'. மூன்று செடிகளுக்கு மட்டும் முடிவு கிடைக்கவில்லை. இலை போதவில்லைபோலிருக்கிறது என்று நினைத்து அங்கே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வேதாசலம் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார்."

"இத்த ஆறு வருஷம் முன்னாடியே குடுத்திருக்கலாமே" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கே வேலையைத் தொடங்கினார்கள். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. ரோட்டில் பூக்காவடிகளும் வேன்களும் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. பம்பைச் சத்தம் வயல்வரை கேட்டது. மனோரமா வரப்பில் நின்று தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். சுலோச்சனா குனிந்து, 'பிடுங்கு' என்ற செடியை வேரோடு எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டே போனாள். வேதாசலம் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு செடியைப் பிடுங்கும்போதும் அவர் ஒரு கணம் நின்றுதான் நகர்ந்தார். ஆனால் தடுக்கவில்லை.

எட்டு மணி இருக்கும்.

"ஐம்பத்தாறு, பிடுங்கு. ஐம்பத்தேழு, பிடுங்கு. ஐம்பத்தெட்டு, வை."

சுலோச்சனா நிமிர்ந்தாள். "எது மேடம்?"

"ஐம்பத்தெட்டு. வச்சுடுங்க."

"ஐம்பத்தெட்டு இல்லீங்களே."

"இல்லன்னா?"

"முளைக்கவே இல்லீங்க. குச்சி மட்டும்தான் கீது, பாருங்க. அன்னிக்கு இலை எடுக்கும்போதுகூட அந்தக் குழிய சும்மா வுட்டுட்டுதான் தாண்டினேன்."

மூன்று பேரும் குச்சியைப் பார்த்தார்கள். குச்சிக்கு அடியில் வெறும் செம்மண். முளைக்காத ஒரு செடியிடம் துருவைத் தாங்குகிற ஜீன் இருக்கிறது என்று மனோரமாவின் தாள் சொன்னது.

மனோரமா தாளை மடித்தாள். "கொஞ்சம் நிறுத்துங்க. ஒண்ணும் பிடுங்க வேணாம்" என்றாள். கிணற்று மேட்டு வேப்பமரத்தடிக்குப் போய் ஆய்வகத்திலிருந்த பிரேம்குமாருக்குப் போன் செய்தாள். அவன்தான் அந்தத் தட்டை மெஷினில் வைத்தவன்.

"பிரேம், திருத்தணித் தட்டோட முழு ஃபைலத் திற. கடைசி ரெண்டு குழி, காலியா விட்டது, அதுல என்ன இருக்கு?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டுலயும் நல்லா முடிவு வந்திருக்கே மேடம்" என்றான். அவன் குரல் இறங்கியது. "வரக்கூடாதே."

"முதல் ரெண்டு குழி?"

"காலி. முப்பத்தொம்பதும் காலி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் காலை அப்படியே தெரிந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம் சுலோச்சனா, இந்தப் பக்கம் அவள். முதல் இலை விழுந்தது சுலோச்சனாவின் கைப்பக்கத்து மூலையில். மூடியை ஒட்டியபின் '1' என்று எழுதியது தன் கைப்பக்கத்து மூலையில். தட்டு தலைகீழாகிவிட்டது. முதல் செடியின் இடத்தில் காலிக் குழி வந்துவிட்டது. ஒவ்வொரு செடியின் முடிவும் வேறு ஒரு செடியின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. காலிக் குழிகளின் வரிகளை அவள் நீக்காமல் விட்டிருந்தாலே அன்றைக்கே தெரிந்திருக்கும். தாள் எளிமையாக இருக்கவேண்டும் என்று நீக்கியதும் அவள்தான்.

பிரேம்குமாருக்கும் புரிந்துவிட்டது. மெதுவாகச் சொன்னான்: "மேடம், இப்ப ஒண்ணும் பேசாதீங்க. வயல்ல நம்பர் குச்சி மாறிப்போச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டுக்கலாம். எங்கயும் நடக்கறதுதான். யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

மனோரமா வயலைப் பார்த்தாள். சுலோச்சனா கூடையைத் தூக்கி நிழலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குச்சி நட்டவங்க சரியாதான் நட்டிருக்காங்க பிரேம். மூலையில நம்பர் போட்டது நான். சரியான லிஸ்ட்ட இப்பவே அனுப்பு" என்று போனை வைத்தாள்.

பத்து நிமிடத்தில் சரியான வரிசை வந்துவிட்டது. அதைப் பழைய தாளோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று செடியில் வைக்க வேண்டியது இருபத்து மூன்று. அதில் பதின்மூன்று இன்னும் தரையில் நின்றது. பத்து, கூடைக்குள். கூடையில் மொத்தம் நாற்பத்தொரு செடி இருந்தது. குச்சிகள் வயலிலேயே நின்றுவிட்டதால், அந்த நாற்பத்தொன்றில் எவை அந்தப் பத்து என்று யாருக்கும் தெரியாது.

அவள் வயலுக்குள் நடந்தாள். வேதாசலம் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். பக்கத்தில் வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அங்கேயே நின்று சொன்னாள்.

"சார், தப்பு என்னுது. தட்டுல நம்பர் போடும்போது மூலைய மாத்திப் போட்டுட்டேன். சுலோச்சனா சரியாதான் செஞ்சாங்க. நல்ல செடி பத்து போச்சு. கூடைக்குள்ள இருக்கு. எதுன்னு தெரியல."

வேதாசலம் நடந்து போய் வரப்பில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். ரோட்டில் ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. அது கடந்து போகிறவரை அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மனோரமா நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினோரு வருஷத்துல நானும் எத்தினியோ நல்ல செடிய பிடுங்கிப் போட்டிருப்பேன் மேடம்" என்றார் கடைசியில். "எத பிடுங்கினேன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சதே இல்ல. பத்துன்னு நம்பர் போட்டு யாரும் சொன்னதில்ல."

சுலோச்சனா கூடையின்மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு வந்தாள். "சார், இன்னும் வாடல. வேருல மண்ணு அப்படியே கீது. பையில வச்சி நிழல்வலைக்குள்ள போட்டா கொஞ்சமாச்சும் பொழைக்கும். பேசிகினே நின்னா ஒண்ணும் பொழைக்காது."

வேதாசலம் எழுந்தார்.

அடுத்த மூன்று மணி நேரம் மண்ணும் எருவும் கலந்து பிளாஸ்டிக் பைகளில் நிரப்பினார்கள். நாற்பத்தொரு செடியையும் ஒவ்வொரு பையில் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பைகளுக்குப் புதிதாக நம்பர் போட்டார்கள். செடி பிழைக்கிறதோ இல்லையோ, இலை பச்சையாக இருக்கும்போதே மறுபடி எடுத்துவிட வேண்டும் என்று மனோரமா சொன்னாள். அப்போதுதான் எந்தப் பைகளை விழுந்து விழுந்து கவனிக்கவேண்டும் என்று தெரியும்.

இந்தத் தடவை இருவரும் சாக்கின் ஒரே பக்கம், தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். சுலோச்சனா நம்பரைச் சொல்லிவிட்டுப் போட, மனோரமா திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள். ஏழாவது குழிக்கு வந்ததும் மனோரமா அவள் கையைப் பிடித்தாள்.

"இத காலியா விடுங்க. இனிமே எப்பவும் ஏழு காலி. தட்டு திரும்பினா ஏழு எங்க போச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும்."

"ஆங்" என்றாள் சுலோச்சனா. "அப்ப ஐம்பத்தெட்டு முளைக்காததும் நல்லதுக்குதான்."

கிருத்திகைக் கூட்டத்தில் கூரியர் வண்டி அன்று வராது என்றார்கள். மனோரமா ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனாள். மலையிலிருந்து இறங்கியவர்களும் மொட்டை போட்டு சந்தனம் பூசிய குழந்தைகளுமாக ரயில் நிரம்பி வழிந்தது. நின்றபடியே வந்தாள். ஒரு அம்மாள் பெட்டியைப் பார்த்து, "பால்காவடியா கண்ணு?" என்று கேட்டாள். "இல்லீங்க, இலை" என்றாள் மனோரமா. அந்த அம்மாள் இலை விபூதிதான் போலிருக்கிறது என்று கையை நீட்டினாள்.

ராத்திரிக்குள் பெட்டியை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு, மறுநாளே திரும்பிப் பொதட்டூர்பேட்டைக்கு வந்துவிட்டாள். தம்பி மனைவி விஜி அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மனோரமா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்த வெளிய சொன்னா உன் வேலைக்கு எதுனா ஆயிடுமா அண்ணி?"

"தெரியல. ஆகலாம்."

"அந்தப் பொம்பள மேல போட்டிருந்தா?"

"அவங்கள நாளைக்கே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுவாங்க. மேல இருக்கறவங்க யாரு, என்னன்னு கேக்கமாட்டாங்க."

விஜி எழுந்தாள். "சரி, சாப்பிடு. காலையிலேர்ந்து எதுவும் சாப்பிட்ட மாதிரி தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

பிரேம்குமார் நான்கே நாளில் முடிவை அனுப்பினான். ராத்திரியும் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழாவது குழி ஏழாவது இடத்திலேயே காலியாக இருந்தது. நாற்பத்தொரு பையில் பத்துப் பை அடையாளம் தெரிந்தது. அதற்குள் மூன்று வாடிச் செத்திருந்தன. மீதி ஏழும் பிழைத்தன. வேதாசலம் அந்த ஏழு பைகளையும் தன் அறை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

ஆக இருபது செடி கைக்கு வந்தது. பூ எடுத்ததும் சுலோச்சனா வயலில் நின்ற பதின்மூன்றில் வேலையைத் தொடங்கினாள். விடியற்காலையில் ஒவ்வொரு பூவாக ஊர் ரகத்தோடு சேர்த்து, காம்பில் அடையாளத்துக்கு நூல் கட்டிக்கொண்டே போனாள். பைச்செடிகள் இரண்டு வாரம் தாமதமாகப் பூத்தன. அவற்றையும் விடவில்லை.

ஆனால் தரையில் நின்ற மற்ற செடிகளை வேதாசலம் பிடுங்கவில்லை. சரியான தாள் கையில் இருந்தும் பிடுங்கவில்லை. "இந்தப் பட்டம் இருக்கட்டும் மேடம். உங்க லிஸ்ட் ஒரு பக்கம், துரு ஒரு பக்கம். ரெண்டையும் பக்கத்துல வச்சி ஒரு தடவ பாத்துடுவோம்" என்றார்.

ஆய்வகத்தில் அரையாண்டு அறிக்கை எழுதும் வேளை வந்தது. நடந்ததை அவள் நடந்தபடியே ஒரு பக்கம் எழுதினாள். இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் பக்கம் வேணுமா மனோரமா?"

"வேணும் சார்."

"கூட்டத்துல எல்லாப் பண்ணைக்காரங்களும் இருப்பாங்க. இப்பதான் நம்மள நம்ப ஆரம்பிச்சிருக்காங்க."

"அதனாலதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷப்படவில்லை. "அப்ப நீங்களே எழுந்து படிங்க" என்றார்.

படித்தாள். முளைக்காத செடி என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடிந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. அவள் உட்கார்ந்து, கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு வேளையில், தட்டோடு தனியாக நின்றிருந்தவளிடம் நெல்லில் வேலை செய்கிற துரைக்கண்ணு என்ற பெரியவர் வந்தார். அவள் பொறுப்பிலிருந்த இன்னொரு பண்ணையின் ஆள் அவர். அதுவரை அவள் போனை அவர் பாதி நாள் எடுத்ததில்லை.

"எங்களுக்கும் போன வருஷம் அப்படித்தான்மா. செத்துப்போன செடிக்கு முடிவு வந்துச்சு. எங்க தப்பா இருக்கும்னு நெனச்சுகினு யாருகிட்டயும் சொல்லல. கவர உள்ள வச்சிட்டோம்" என்றார். பிறகு, "அந்த ஏழாம் குழி சமாச்சாரத்த இன்னொரு தடவ சொல்லு" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

புரட்டாசியில் துரு வந்தது. வேதாசலம் போன் செய்து, "வந்துடுச்சுங்க, நல்லா வந்துடுச்சு" என்றார். நோய் வந்ததை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி மனோரமா கேட்டதில்லை. மறுநாள் முதல் வண்டியிலேயே போனாள். இலையைத் தடவினால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டியது. 'பிடுங்கு' என்று தாள் சொன்ன செடிகள் அடி இலையிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. வேதாசலம் வயலிலும் பைகளிலும் ஒவ்வொரு செடியாக உட்கார்ந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். மனோரமா தாளை அவரிடம் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. முடித்தபின்தான் வேப்பமரத்தடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள்.

இருபதில் பதினெட்டுச் செடி சுத்தமாக இருந்தது. இரண்டு மட்டும், வைக்கச் சொல்லியிருந்தும், துரு வாங்கியிருந்தன.

"இது ரெண்டும் ஏன் சார்?" என்று அவளே கேட்டாள்.

"அத்த நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியல. அந்த ஒரு ஜீன் மட்டும் போதாது போலிருக்கு. வேற ஏதோ ஒண்ணு இருக்கு. பாக்கணும்."

வேதாசலம் தலையாட்டினார். "தெரியலன்னு எழுதிக்கறேன்" என்று அந்த இரண்டு நம்பருக்கும் நேரே எழுதினார். பிறகு சுலோச்சனாவைக் கூப்பிட்டு, அந்த இரண்டிலும் நூல் கட்டிய காய்களைத் தனியாக வைக்கச் சொன்னார்.

ஐப்பசியில் அறுவடையானது. நூல் கட்டிய காய்களை மட்டும் தனித்தனியே பறித்து, உலர்த்தி, காகித உறைகளில் போட்டார்கள். காய் இன்னும் சிறிதுதான். ஆனால் முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் பருமன். உறைகளை வேதாசலம் தன் கையெழுத்தில் நிரப்பினார்.

தையில் மறுபடி ஊன்றினார்கள். இந்தத் தடவை நான்கு தட்டு இலை. மனோரமா வரவில்லை, துரைக்கண்ணுவின் நெல் பண்ணையில் அன்று வேலை இருந்தது. சுலோச்சனாவும் இன்னொரு பெண்ணும் தாங்களே இலை எடுத்து அனுப்பினார்கள்.

பதினெட்டாம் நாள் காலை மனோரமாவின் போன் அடித்தது. வேதாசலம்.

"மேடம், லிஸ்ட் எப்ப வரும்?"

"நாளைக்கு சாயங்காலம் சார். பிரேம் பாத்துகினு இருக்கான்."

"நாளைக்கா?" கொஞ்சம் தயக்கம். "இன்னிக்கு வராதுங்களா? செடி நல்லா எழும்பிடுச்சு. ரெண்டு மூணுல மொட்டுகூட தெரியுது. சுலோச்சனா கூடைய எடுத்துகினு வந்து வரப்புல நிக்குது."

"இன்னிக்கே கேக்கறேன் சார்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிப்படி ஏறி பிரேம்குமாரின் அறைக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்த்து, இன்னும் நாலு மணி நேரம் என்று கையால் காட்டினான். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.